ஐம்பத்து மூன்று குறையுள்ள கார்

காரை விற்க விளம்பரம் எழுதி, அதன் கீழேயே காரின் குறைகளை ஒன்று முதல் ஐம்பத்து மூன்று வரை எண் போட்டு எழுதிய மனிதர் பாதியார் ஒருவராகத்தான் இருக்கும். பத்திரிகை அலுவலகத்தில் விளம்பரம் வாங்கும் பெண் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "ஐயா, இது புகார்ப் பகுதிக்குங்களா?" என்று கேட்டாள்.

"விற்பனைப் பகுதிக்கும்மா. அம்பத்து மூணாவதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடுங்க. வாங்கினவங்க பிறகு வந்து நிக்கக் கூடாது."

பாதியார் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. முப்பத்தாறு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் பார்க்கும் சர்வேயராக இருந்து சம்பாதித்தது. எரிந்த கடையோ, நனைந்த மூட்டையோ, நசுங்கிய லாரியோ, எதைக் காட்டினாலும் அதைச் சுற்றி ஒரு நடை நடப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். கேட்ட தொகையில் பாதியை எழுதுவார். இந்தச் சூட்சுமத்தைப் புரிந்துகொண்ட பேக்கரிக்காரர் ஒருவர், எரிந்துபோன ஒரு அடுப்புக்கு இரண்டு அடுப்பு என்று எழுதிக் கொடுத்தார். பாதியார் நேரில் போய்ப் பார்த்து, அரை அடுப்பு என்று எழுதினார். மீதி அரை அடுப்பில் பன் சுடலாம் என்று ஒரு குறிப்பும் வைத்தார். பேக்கரிக்காரர் கோபத்தில் அதில் பன் சுட்டுப் பார்த்தார். நன்றாகவே வந்ததாம்.

வீட்டிலும் அதே பேனாதான். சாப்பாடு எப்படி என்று மனைவி கேட்டால் "பரவாயில்லை" என்பார்; அவரிடம் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை அது. மகள் வகுப்பில் முதலாவதாக வந்த அன்று, வகுப்பில் மொத்தம் எத்தனை பேர் என்று விசாரித்தார். மனைவிக்குத் தொழில் முடி வெட்டுவது. இன்னொருவரின் சலூனில் இருபத்திரண்டு வருஷம் நின்று வெட்டியவர். மாதம் ஒருமுறை சமையலறை முக்காலியில் கணவரை உட்காரவைத்து அவருக்கும் வெட்டிவிடுவார். முடித்ததும் கைக்கண்ணாடியைக் கொடுப்பார். பாதியார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் கூட இருக்கு" என்பார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த ஒரு நூல் குறையவே இல்லை.

இப்போது காருக்கு வருவோம். அது அந்தக் காலத்துப் பணக்கார வண்டி, கூரையை மடக்கிப் பின்னால் தள்ளக்கூடியது. பாலாடை நிற உடம்பு, கருநீலக் கித்தான் கூரை, ரத்தச் சிவப்பில் தோல் இருக்கைகள், பளபளக்கும் மரப்பலகையில் பதித்த கடிகாரம். நீளம் எப்படியென்றால், வாசலில் நிறுத்தினால் முன்சக்கரம் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடும். முதலில் இதை வைத்திருந்தவர் ஒரு சோப்பு முதலாளி. ஒருநாள் கூரையைத் திறந்தபடி ஒரு மாடி வீட்டின் கீழே நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். மூன்றாவது மாடி ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஒரு பியானோவை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கயிறு மனசு மாறிவிட்டது. பியானோ நேராக இறங்கி, கதவில் உரசாமல், கண்ணாடியில் படாமல், பின்சீட்டில் ஒரு பயணி மாதிரி உட்கார்ந்தது.

சேதம் பார்க்கப் போனவர் பாதியார். சுற்றி ஒரு நடை நடந்தார், கண்ணாடியைத் துடைத்தார், பழைய இரும்பு விலை என்று எழுதினார். சோப்பு முதலாளி ஆடிப்போனார். "அந்த விலைக்கு நீயே எடுத்துட்டுப் போய்யா!" என்று சாவியை எறிந்தார். பாதியார் அதைப் பிடித்தார். பிடித்த பிறகுதான் வண்டியை நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்குத் தொண்டையில் என்னவோ மாட்டிக்கொண்டது.

பதினோரு மாதம் தன் கையாலேயே சரிசெய்தார். பிறகு இருபத்தொன்பது வருஷம் வீட்டின் முன்பக்கத்து ஷெட்டில் வைத்துக் காப்பாற்றினார். காலையில் மெல்லிய துணியால் துடைப்பார், மாலையில் அந்தத் துணியைத் துவைப்பார். மாதம் ஒருமுறை தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்புவார், அதுவும் வானிலை அறிக்கை கேட்டுவிட்டு. அந்த வண்டி மழையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறது, பார்த்ததில்லை. கூரையைத் திறந்ததும் இல்லை. மேலேயிருந்து என்னென்ன விழும் என்பது அவருக்குக் கோப்பு கோப்பாகத் தெரியும்: பூந்தொட்டி, பூனை, பெயின்ட் டப்பா, ஒரு தடவை ஒரு மேஸ்திரி.

வண்டியை விற்கவேண்டி வந்தது மனைவியால். வேலை செய்த சலூனை மூடிவிட்டார்கள். தானே ஒரு கடை போடுவது என்று முடிவெடுத்தார் அந்த அம்மாள். தெருவைப் பார்த்த இடம், பெரிய கதவு, தண்ணீர்க் குழாய், எல்லாம் பொருந்திய ஒரே இடம் ஷெட்தான். சுழலும் நாற்காலி மூன்றுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.

"என்னங்க, சனிக்கிழமை காலைல நாற்காலி வந்து இறங்கும்," என்றார் திங்கட்கிழமையன்று. "அதுக்குள்ள நீங்க விக்கலேன்னா நான் பழைய இரும்புக் கடைக்காரரைக் கூப்பிட்டுருவேன். அவர்கிட்ட குறை சொன்னாலும் ஒண்ணுதான், சொல்லாட்டியும் ஒண்ணுதான். எடை போட்டு எடுத்துட்டுப் போயிருவாரு."

பாதியார் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். காகிதத்தில் ஒருமுறை அந்த வண்டியைப் பழைய இரும்புக்கு அனுப்பியவர் அவர். நிஜத்திலும் அனுப்புவதா?

விளம்பரத்தைப் பார்த்து ஒருவரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மச்சினன் வந்தார். மனைவியின் தம்பி, மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், வாய்க்கு மட்டும் கடையடைப்பே கிடையாது.

"அத்தான், இதென்ன விளம்பரமா, வண்டிக்கு மரண அறிவிப்பா?"

"எல்லாம் உண்மை, மாப்ளே."

"உண்மையைக் கேட்டு எவன் காசு எடுத்தான்? நாலே வார்த்தை போதும். ராஜா வண்டி. விலை நாப்பது. நான் போடறேன்."

போட்டார். புதன்கிழமை ஆட்கள் வந்தார்கள். முதலில் ஒரு பல் டாக்டர். வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் வாயைத் திறந்தவர் மூடவில்லை. செக் புத்தகத்தை எடுத்துவிட்டார். பாதியார் அந்தக் கையைப் பிடித்து இடது மிதிபலகையில் வைத்து, "தடவிப் பாருங்க, ஒரு கீறல் இருக்கு," என்றார். டாக்டருக்குத் தட்டுப்படவில்லை. பாதியார் உள்ளே போய் பூதக்கண்ணாடி எடுத்து வந்தார். அதிலும் தெரியவில்லை. "தெரியும், தெரியும், வெயில் சாயட்டும்," என்றார். டாக்டர் புத்தகத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு மச்சினனிடம், "இத்தனை சின்னதைச் சொல்றவரு பெரிசா எதையோ மறைக்கிறாரு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து வந்தவர் கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுபவர். அவரிடம் பாதியார் ஐம்பத்து மூன்றாவது குறையைச் சொன்னார். பியானோவை வெளியே எடுத்தபோது ஒரு கம்பி மட்டும் பின்சீட்டு ஸ்பிரிங்கில் தங்கிவிட்டது. எத்தனை பிரித்தாலும் அகப்படவில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் சீட்டுக்குள்ளிருந்து "ஸா..." என்று சுருதி சுத்தமாக ஒரு சத்தம் வரும். வாடகைக்காரர் மணப்பெண் உட்காரும் காட்சியை நினைத்துப் பார்த்தார். கைகூப்பிவிட்டு நடையைக் கட்டினார்.

மூன்றாவது ஆள் பேரமே பேசாமல் "சரி, நாப்பதாயிரம்," என்றார். பாதியார் முப்பத்தாறுக்கு இறங்கினார். அந்த ஆள் முழித்தார். முப்பத்திரண்டு என்றார் பாதியார். திருட்டு வண்டியோ என்று பயந்து, செருப்பை மாட்டிய பாதி மாட்டாத பாதியாக அவர் தெருவில் இறங்கினார்.

"என்னங்க இது?" என்றார் மனைவி. "விக்க மனசில்லேன்னா வாயைத் திறந்து சொல்லுங்க. இப்படி வர்றவங்களை விரட்டாதீங்க."

"விரட்டலை. என் வாய்க்கு வேற பாதை தெரியலை," என்றார் பாதியார். பொய் சொல்லவில்லை. அன்று அவர் வண்டியின் முன்விளக்குக்கு எதிரே முக்காலி போட்டுக்கொண்டு, அது தன்னையே பார்ப்பதாக நினைத்து, அதைத் துணியால் மூடினார்.

வியாழக்கிழமை காலை ஒரு அம்மாள் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். எழுபது வயதிருக்கும், முடி வெள்ளைவெளேரென்று, ஒரு இழை விலகாமல் வாரிக் கொண்டை போட்டிருந்தது. "வணக்கம். ராஜா வண்டி எங்க?" என்று அவர் கேட்டது நான்கு வீடு தள்ளிக் கேட்டது. நாற்பத்து நாலு வருஷம் ஏலம் போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு தடவை அவர் ஏலக் கூடத்தில் தும்மியவரின் தலையில் ஒரு கப்பலைக் கட்டிவிட்டார் என்றும், அந்த ஆள் அதற்குப் பிறகு கப்பல் தொழிலில் ஓஹோவென்று வந்துவிட்டார் என்றும் சொல்வார்கள்.

ஏலக்காரம்மாள் வண்டியைப் பார்த்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். மச்சினன் பாதியாரின் காதில், "அத்தான், வாயில தண்ணியை ஊத்திட்டு நில்லுங்க," என்றார். பாதியாரால் முடியவில்லை.

"விலை நாப்பது போட்டிருக்கு, மேடம். ஆனா மிதிபலகையில கீறல் இருக்கு. முப்பத்தொன்பது."

"கீறலா?" ஏலக்காரம்மாள் குனிந்தார். "அடடே! எத்தனை பெரிய மனுஷங்க ஏறி இறங்கின வண்டி! யாரோ ஒரு சீமாட்டியோட செருப்பு ஆணி இது. நாப்பத்தொண்ணு."

"இந்தக் கடிகாரம் செவ்வாய்க்கிழமையில மட்டும் நாலு நிமிஷம் முந்திப்போகும். முப்பத்தெட்டு."

"கிழமை தெரிஞ்ச கடிகாரமா? நாப்பத்து மூணு!"

"சாம்பல் கிண்ணத்தோட மூடி கீச்சுனு கத்தும். முப்பத்தாறு."

"பேசவும் செய்யுதா? நாப்பத்தஞ்சு!"

விற்பவர் இறங்க, வாங்குபவர் ஏற, விலை இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் ஓடியது. மச்சினன் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. ஐம்பத்து மூன்றாவது குறைக்கு வந்தபோது பாதியார் பதினொன்றில் இருந்தார். பியானோக் கதையைக் கேட்டதும் ஏலக்காரம்மாள் கண் கலங்கி, "எண்பது!" என்று கூவிவிட்டார். தெருவில் போன ஒருவர் நின்று கையைத் தூக்கினார்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து மனைவி வந்தார், கையில் தோசைக் கரண்டியோ துடைப்பமோ இல்லை, தொழில் சீப்பு. அதை வண்டியின் பம்பரில் தட்டினார். "நாப்பது! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! ரெண்டு பேரும் வாயை மூடுங்க."

ஏலக்காரம்மாள் மூச்சு வாங்கியபடி அவரை மரியாதையோடு பார்த்தார். "நல்ல குரல் உங்களுக்கு. சரி, நாப்பது. ஆனா ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்கம்மா."

"என் தொழில்ல ஒரு பழக்கம். பொருளோட சொந்தக்காரங்க வாயால அதைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை கேட்ட பிறகுதான் சுத்தியலைத் தூக்குவேன். இல்லேன்னா தொட மாட்டேன். நல்ல வார்த்தை கேக்காம வித்ததெல்லாம் திரும்பி வந்திருக்கு. ஒரு அலமாரி தானா நடந்தே வந்துச்சு. அதனால சார் ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவியை வாங்கிக்கறேன்."

எல்லாரும் பாதியாரைப் பார்த்தார்கள். பாதியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவ்வளவு மோசமில்லை," என்றார்.

"செல்லாது."

"இதைவிட மட்டமானது பாத்திருக்கேன்."

"அதுவும் செல்லாது."

"பரவாயில்லை!" என்றார் பாதியார், தன்னிடமிருந்த கடைசி நாணயத்தை மேசையில் வைப்பவர் போல. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த நாணயம் எங்கும் செல்லாது என்பது அவருக்கு எப்போதோ தெரியும்.

"இவ்வளவுதானா?" ஏலக்காரம்மாள் குடையை எடுத்தார். "அப்ப நான் வர்றேன்."

"அம்மா, அம்மா, ஒரு நிமிஷம்!" என்று மச்சினன் குறுக்கே விழுந்தார். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துடுங்க. கூரையைத் திறந்து."

"கூரை வேண்டாம்," என்றார் பாதியார் பளிச்சென்று.

"கூரையைத் திறக்காத வண்டிக்கு எதுக்குங்க இந்தக் கூரை?" என்றார் மனைவி. "இருபத்தொன்பது வருஷமா நான் இதுல மூடி போட்ட டப்பாவுக்குள்ள உக்காந்த மாதிரிதான் தெருமுனை வரை போயிருக்கேன். கடைசியா ஒரு தடவையாவது திறங்க. விழுறது விழட்டும்."

முன்கண்ணாடிக்கு மேலே இரண்டு கொக்கிகள். பாதியாரும் மச்சினனும் ஆளுக்கொன்றை விடுவித்துக் கூரையைத் தூக்கினார்கள். உள்ளே தங்கியிருந்த இருபத்தொன்பது வருஷத்து இருட்டு வெளியேற அரை நிமிஷம் ஆயிற்று. சிவப்புத் தோல் மேல் வெயில் விழுந்ததும் ஷெட் முழுக்க நிறம் மாறியது.

பாதியார் ஓட்டினார். பக்கத்தில் ஏலக்காரம்மாள், பின்சீட்டில் மனைவி. பாதியார் பாதி நேரம் சாலையையும் பாதி நேரம் வானத்தையும் பார்த்தார். தெருமுனை வந்தது, வழக்கமாகத் திரும்பும் இடம். ஏலக்காரம்மாள், "நேரா போங்க," என்றார். இவ்வளவு தூரம் வருவோம் என்று வண்டியும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் தயங்கிவிட்டுப் பாய்ந்தது. முதல் வேகத்தடையில் "ஸா..." என்றது பின்சீட்டு. மனைவி சிரித்துவிட்டார். இரண்டாவது தடையில் "ஸா..." என்று அவரும் சேர்ந்துகொண்டார். நாலாவது தடைக்கு ஏலக்காரம்மாளும் சேர, நடைபாதையில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மாடி வீடுகள் வரிசையாக இருந்த சாலையில் பாதியாரின் கழுத்து மேலேயே நின்றுவிட்டது. மூன்றாவது மாடியில் ஒரு பெண் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தொட்டி விளிம்பில் இருந்தது. பாதியார் வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். விழுந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர், சரியாக மூக்கு நுனியில்.

கண்ணைத் திறந்தார். இன்னும் இரண்டு சொட்டு காத்திருந்து பார்த்தார். அவ்வளவுதான். இருபத்தொன்பது வருஷமாக மேலேயிருந்து வரும் என்று காத்திருந்தது அந்தச் சொட்டுதான். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் மனைவி தெரிந்தார், முடியெல்லாம் காற்றில் அவிழ்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டு, சீட்டில் ஒரு குதி குதித்து மறுபடி "ஸா..." வரவழைத்துப் பார்த்துக்கொண்டு.

பாதியாரின் தொண்டையில் பழைய அடைப்பு வந்து நின்றது. அது கொஞ்சம் அசைந்தது.

"நல்ல வண்டி," என்றார்.

சொன்னது தான்தானா என்று அவரே திரும்பிப் பார்த்தார். ஏலக்காரம்மாள் கையை நீட்டி, "சாவி," என்றார். ஆனால் அடைப்புத் திறந்தால் அவ்வளவு சீக்கிரம் நிற்குமா? "ரொம்ப நல்ல வண்டி. இதை மாதிரி என்ஜினை நான் கண்ணால கண்டதில்லை. நான் அன்னிக்கு எழுதினது அநியாயம். அந்த விளக்குக் கம்பத்தைப் பாருங்க, எத்தனை நேரா நிக்குது! இந்த டிராபிக் போலீஸ்காரர் கையைக் காட்டுற அழகு! சார், பிரமாதம் சார்!" போலீஸ்காரர் வெட்கப்பட்டுப் போய் நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் வழிவிட்டார். வீடு திரும்புவதற்குள் பாதியார் ஒரு புறாவையும், இரண்டு குப்பைத் தொட்டிகளையும், எதிரே வந்த பேக்கரிக்காரரின் பன்னையும் பாராட்டிவிட்டார். பேக்கரிக்காரர் அன்று கடையைப் பாதியில் மூடிவிட்டு டாக்டரிடம் போனதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமை வண்டி போயிற்று. பாதியார் துடைக்கும் துணியையும் கூடவே கொடுத்தனுப்பினார். சனிக்கிழமை நாற்காலிகள் வந்தன. ஷெட்டில் கண்ணாடி மாட்டி, தரை கழுவி, பத்து மணிக்கெல்லாம் கடை தயார். ஆனால் தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் ஆளாகப் பாதியார்தான் ஏறி உட்கார்ந்தார். மனைவி துணியைப் போர்த்தி, வெட்டி முடித்து, கைக்கண்ணாடியைக் கொடுத்துவிட்டு, இடது பக்கத்து நூலுக்காகக் கத்தரியைக் கீழே வைக்காமல் நின்றார்.

பாதியார் இந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் திரும்பினார். கண்ணாடியைத் துடைத்தார்.

"நல்லா இருக்கு," என்றார்.

மனைவி கத்தரியைக் கீழே வைத்தார். "பாதியா, முழுசாவா?"

"முழுசா. முப்பத்தெட்டு வருஷத்துக்கும் சேத்து."

அந்த அம்மாள் போர்த்திய துணியை உதறுகிற சாக்கில் தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது வாசல் மேட்டில் "ஸா..." என்று ஒரு சத்தம். பாலாடை நிற வண்டி கூரையில்லாமல் வந்து நின்றது. இறங்கியவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கொண்டை இருந்த இடத்தில் ஒரு புயல் இருந்தது. அதில் இரண்டு இலைகளும், ஒரு பேருந்துச் சீட்டும்.

"காத்து அடிக்கிற அடியில என் தலையைப் பாத்தீங்களா!" என்று ஏலக்காரம்மாள் கத்தினார். நான்கு வீடு தள்ளி ஜன்னல்கள் திறந்தன. "தினமும் ஓட்டறதா இருக்கேன். தினமும் வரணும் போலிருக்கு. வெட்டி, கழுவி, வாரிவிட எவ்வளவும்மா?"

"பத்து," என்றார் மனைவி.

"பன்னெண்டு!" என்றார் ஏலக்காரம்மாள், நாற்காலியில் சாய்ந்தபடி.

பக்கத்து நாற்காலியில் பாதியார் வாயைத் திறந்தார். உள்ளே எட்டு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மனைவி அவரைப் பார்க்காமலே கத்தரியால் நாற்காலிக் கைப்பிடியில் மூன்று தரம் தட்டினார்.